புளி போட்டு விளக்கிய காசுகள்

என் மாமனாருக்குத் தெரிந்த ஒரே பொய், ‘நான்தான்’ என்பது.

யார் எதைச் செய்து மாட்டிக்கொண்டாலும், நாலு பேர் நடுவில் அவர்கள் முகம் சுண்டிப்போவதை அவரால் பார்க்க முடியாது. விசாரணை ஆரம்பிக்கும் முன்பே முந்திக்கொண்டு ‘நான்தான்ப்பா’ என்பார். அப்புறம் அடுத்தவர் வாங்கவேண்டிய திட்டையெல்லாம், இலை போட்டுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் மாதிரி நிதானமாக வாங்கிக்கொள்வார்.

கல்யாணமாகி மூன்றாம் நாள், குமுளிக்கு மேலே எஸ்டேட்டில் இருந்த சொந்தக்காரர் வீட்டு விருந்துக்கு ஜீப்பில் போனோம். ஒரே வண்டியில் பதினோரு பேர். நான் தேவதானப்பட்டிக்காரி, மலையைத் தூரத்தில் பார்த்து வளர்ந்தவளே தவிர ஏறியவள் இல்லை. நாலாவது கொண்டை ஊசி வளைவில் குடலே வெளியே வருகிற மாதிரி வந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த மாமாவின் புது வேட்டியில் வாந்தி எடுத்துவிட்டேன். புதுப்பெண்ணுக்கு அதைவிட அவமானம் உண்டா? வண்டியை நிறுத்தி, “யாருப்பா அது, யாரு?” என்று முன் சீட்டிலிருந்து கேட்டார்கள். மாமா வேட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். “நான்தான்ப்பா. மல ஏறுனா எனக்குக் கெறக்கமா வருது.”

நாற்பது வருஷமாக அதே மலையில் ஏறி இறங்குகிற மனுஷன்! அன்றிலிருந்து அவர் ஜீப்பில் ஏறினாலே யாராவது ஒருத்தர் எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டுவார்கள். அவரும் முகர்ந்து பார்த்துவிட்டு, நன்றியோடு சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வீட்டில் எலுமிச்சம்பழத்துக்குப் பஞ்சமே வந்ததில்லை.

இன்னொரு தடவை, திராட்சை வெட்டுகிற சமயம். வேலைக்கு வந்த பெண் ஒருத்தி மடியில் ரெண்டு குலையை ஒளித்துக்கொண்டு போகும்போது கங்காணி பிடித்துவிட்டான். எல்லோரும் கூடிவிட்டார்கள். மாமா வரப்பிலிருந்தே கத்தினார், “ஏலே, அத நான்தான் குடுத்தேன். அவ பேத்திக்குக் காய்ச்சலாம், விடு.” சாயங்காலம் வீட்டுக்கு வந்து அத்தையிடம் மெதுவாகக் கேட்டார், “அந்தப் புள்ளைக்குப் பேத்தி இருக்கா?”

“பேத்தியா? அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகல. ஊர்ப் பழிய எல்லாம் இழுத்துத் தலையில வச்சுக்கங்க. நீங்க என்ன மனுசனா, சுமைதாங்கிக் கல்லா?” என்றார் அத்தை.

இப்படிப்பட்டவருக்கு ஆசை என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது சீனக்காசு.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்குப் பதினாறு வருஷம் முன்பு, கம்பத்துக்குப் பக்கத்தில் சுருளிப்பட்டி ரோட்டில் இருக்கிற எங்கள் தோட்டத்தில் திராட்சைப் பந்தலுக்குக் கல்தூண் நட குழி தோண்டியிருக்கிறார்கள். இடுப்பளவு ஆழத்தில் ஒரு பச்சை மண்ணாங்கட்டி கிடைத்தது. பார்த்தால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்ட வெண்கலக் காசுகள். விளிம்பை எண்ணிப் பதினோரு காசு என்று கண்டுபிடித்தார் மாமா. நடுவில் சதுர ஓட்டை. அந்த ஓட்டையின் உள்ளே, களிம்பில் ஊறிப் பச்சையாகிப்போன கயிறு. ஒரு முனையில் முடிச்சுகூட அப்படியே இருந்ததாம். காசைக் கோத்த கயிறு.

அதை ஊறுகாய் ஜாடியில் காய்ந்த மணல் போட்டு, அதற்குள் புதைத்து, தன் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். அந்த ஜாடியை அவரைத் தவிர யாரும் தொட்டதில்லை. ஆனால் அதைப் பற்றிய பேச்சு வீட்டில் ஓயாது. மதுரையில் ஒரு வாத்தியாரைத் தேடிப்போய்க் கேட்டுவந்து சொல்வார்.

“அதுல ராசா மூஞ்சியெல்லாம் கெடையாது. நாலு எழுத்து, அம்புட்டுத்தான். நம்ம ஊருல காசு அடிப்பாக. சீனாவுல அப்படி இல்ல, அச்சுல ஊத்தி எடுப்பாக. ஊத்துனா ஓரத்துல பிசிறு நிக்கும்ல? சதுரக் கம்பியில வரிசையாக் கோத்து, ஒட்டுக்கா அரம் போட்டு வழிப்பாக. வட்ட ஓட்டையா இருந்தா சுத்தும். சதுரமா இருந்தா நிக்கும். என்னா மூள பாத்தியா!”

அந்தக் காசுகள் எங்கள் ஊருக்கு எப்படி வந்தன என்பதற்கும் கதை வைத்திருந்தார். சோழர் காலத்தில் சீனாவிலிருந்து கப்பல் வந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் பானை பானையாக இந்தக் காசு கிடைத்திருக்கிறது. சீனாக்காரனுக்கு மிளகு என்றால் உயிர். மிளகு எங்கே விளைகிறது, நம் தலைக்கு மேலே இருக்கிற மலையில். மிளகு நம் பள்ளத்தாக்கு வழியாகக் கடலுக்கு இறங்கிப்போனது, காசு அதே வழியில் ஏறி வந்தது. டீக்கடையில் இதைச் சொன்னால், “சீனாக்காரன் கம்பத்துக்கு எதுக்கு வந்தான், பன்னீர் திராட்ச வாங்கவா?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். மாமாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

அவர் பேச்சைக் கடைசிவரை உட்கார்ந்து கேட்பவர் ஒருத்தர்தான். கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கிற பாய். சின்ன வயசிலிருந்தே ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ‘மாப்ள’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். கேட்பாரே தவிர லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார்.

“எங்க பாட்டனார் பினாங்குல கட வச்சிருந்தாக மாப்ள. அந்தக் காலத்துல அங்கனருந்து திரும்புனவக எவனாச்சும் மடியில கொண்டாந்து போட்டுருப்பான். ஆயிரம் வருசம்னு நீ எத வச்சுச் சொல்ற?”

“கயித்த வச்சுச் சொல்றேன். காசு எப்ப வேணாலும் வந்திருக்கலாம். கயிறு பொய் சொல்லாது. அது என்ன நாரு, எந்த ஊரு நாரு, எத்தன வருசத்து நாருன்னு கண்டுபுடிக்க மெசின் இருக்கு. அது நம்ம ஊரு நாரா இருந்தா, இங்கன ஒக்காந்து ஒரு ஆளு அதக் கோத்திருக்கான்னு அர்த்தம். ராசா இல்ல, மந்திரி இல்ல. நம்மள மாதிரி ஒரு ஆளு முடிச்சுப் போட்டிருக்கான் மாப்ள.”

பாய் கடைசியில் இந்த முடிச்சில்தான் விழுந்தார். தன் அக்கா மகன் மூலமாக எங்கெங்கோ சொல்லி, பழைய காசுகளை ஆராய்கிற ஒரு அதிகாரியைக் கம்பத்துக்கு வரச் சம்மதிக்க வைத்தார். கயிறு அப்படியே இருக்கிறது என்று தெரிந்ததும் அந்த மனிதரே ஆர்வமாகிவிட்டாராம். போனில் மூன்று தடவை சொன்னாராம், தொடாதீர்கள், நான் வந்து பார்க்கிறேன் என்று. மாமா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்போது நான் அந்த வீட்டுக்கு வந்து நாலு மாதம். இதெல்லாம் எனக்குத் தெரியாதா என்று கேட்டால், தெரியும். கயிற்றைப் பற்றி நூறு தடவை என் காதில் விழுந்திருக்கிறது. மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டே, உளுந்து புடைத்துக்கொண்டே கேட்டேன். கேட்டது காதோடு நின்றுவிட்டது. என் மண்டையில் ஏறியிருந்தது ஒன்றுதான்: வீட்டுக்குப் பெரிய அதிகாரி வருகிறார், நல்ல பெயர் வாங்க வேண்டும்.

பிறந்த வீட்டில் பித்தளைப் பாத்திரத்தில் என் முகம் தெரியவில்லை என்றால் அம்மா மறுபடி தேய்க்கச் சொல்வாள். களிம்பு ஏறின பாத்திரம் விஷம். அதை விருந்தாளி கண்ணில் காட்டுவது கிழிந்த சேலையோடு வாசலில் நிற்கிற மாதிரி. இதைக் கேட்டு வளர்ந்தவள் நான். அன்று காலையில் மாமாவும் பாயும் அதிகாரியைக் கூட்டிவர பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். என் வீட்டுக்காரர் தோட்டத்தில் இருந்தார். அத்தை அடுப்படியில் வடைக்கு அரைத்துக்கொண்டே, “வெளக்கு, சொம்பு, டம்ளரு எல்லாத்தையும் பளிச்சுனு வெளக்கி வையித்தா” என்றார். எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும்போது கூடத்து மேசையைப் பார்த்தேன். ஒரு எவர்சில்வர் தட்டில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் அந்தக் காசுக் கட்டியை மாமா எடுத்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அதை அன்றுதான் முதல்முதலாகப் பார்க்கிறேன். மண்ணும் பச்சையுமாக அருவருப்பாக இருந்தது. மருந்தடிக்க மயில்துத்தம் கலக்கிற அன்று என் வீட்டுக்காரர் கையில் ஒட்டியிருக்குமே, அதே பச்சை. ஐயோ, இதையா ஆபீசர் முன்னால் வைப்பது என்று இருந்தது எனக்கு. பாழாய்ப்போன என் கை!

ரெண்டு எலுமிச்சம்பழ அளவு புளியைக் கரைத்து ஊறவைத்தேன். கட்டி லேசில் பிரியவில்லை. அம்மிக்குழவியால் மெல்லத் தட்டினேன். தேங்காய் நாரில் சாம்பல் தொட்டு ஒவ்வொரு காசாகத் தேய்த்தேன். சதுர ஓட்டைக்குள் ஏதோ அழுக்கு நார் அடைத்துக்கொண்டிருந்தது. விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிக் குத்தினேன். அது ஒடிந்துபோயிற்று. இன்னொரு குச்சியை உருவிக் குத்தி, எல்லாவற்றையும் வெளியே எடுத்து, நாலு வாளித் தண்ணீர் விட்டு அலசினேன். பதினோரு காசும் பொன்போல வந்தன. வெற்றிலையைப் பரப்பி அதன்மேல் பூப்போல அடுக்கி, பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தேன். மாமா வந்து பார்த்துவிட்டு என்ன சொல்வாரோ என்று ஆவலாக வாசலிலேயே நின்றேன்.

மூன்று பேரும் உள்ளே வந்தார்கள். முதலில் வந்தவர் மாமா. தட்டைப் பார்த்தார். அப்படியே நின்றார். பிறகு திரும்பி என் கையைப் பார்த்தார். புளி பட்டு விரலெல்லாம் வெளுத்திருந்தது. அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். என் முகத்தில் இருந்த சந்தோஷத்தைத்தான் அவர் பார்த்தார்.

அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. “என்ன ஐயா இது? யார் இதைக் கழுவினது?”

“நான்தான் சார்.”

“போன்ல மூணு தடவை சொன்னேனே!”

“காலையில நான்தான் சார் வெளக்குனேன். பெரியவுக வர்றாக, அழுக்கா இருக்கேன்னு நெனச்சுட்டேன். புத்தி கெட்டுப்போச்சு.”

அதிகாரி கண்ணாடி வைத்து ஒவ்வொரு காசாகப் பார்த்தார். “எழுத்து இருக்கு. ஆனா இப்ப இதே மாதிரி புதுசா வார்த்து, சிவப்பு நூல்ல கட்டி, வாசல்ல தொங்கவிட்டா அதிர்ஷ்டம்னு கடைக்குக் கடை விக்கிறாங்க. அந்த மண்ணு இருந்திருந்தா, கயிறு இருந்திருந்தா நான் ஏதாவது எழுதலாம். இப்ப நான் என்னத்தை எழுத?” வடையைத் தொடாமல் கிளம்பிவிட்டார். அவர் பேச்சைக் கேட்ட பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மாமா என்னைப் பார்த்து, “ஆத்தா, உள்ள போயி அத்தைக்கு ஒத்தாச பண்ணு” என்றார். குரலே உயரவில்லை.

பாய் மட்டும் போகாமல் நின்றார். சின்னச் சின்ன விஷயத்துக்கு இந்த ஆள் ‘நான்தான்’ என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் பதினாறு வருஷம் உயிரை வைத்துக் காத்த பொருளில் ஒருத்தன் பொய் சொல்வான் என்று யாருக்குத் தோன்றும்? “நீயா மாப்ள? நெசமா நீயா?” என்று கேட்டார். மாமா தலையை ஆட்டினார். பாய் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போனார்.

கொல்லையில் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். மாமா வந்தார். திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றேன். பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, “எம்புட்டுப் புளி போட்ட? ஊறவச்சியா, அப்படியே தேச்சியா? கயித்த எப்படி எடுத்த?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். காசுக்கு ஏதாவது வைத்தியம் பார்க்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து எல்லாம் சொன்னேன். ஈர்க்குச்சி ஒடிந்ததையும் சொன்னேன். பொய்யைப் பிசகில்லாமல் சொல்வதற்குத்தான் கேட்டார் என்று பிறகு தெரிந்தது. அன்றிலிருந்து யார் கேட்டாலும், “ரெண்டு எலுமிச்சம்பழம் அளவு புளிய ஊறவச்சேன். மொதக் குச்சி ஒடஞ்சு போச்சு, ரெண்டாவது குச்சியில குத்துனேன் பாரு...” என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். அன்று அடுப்படியை விட்டு வெளியே வராத அத்தையும் அதையே நம்பினார்.

மறுநாள் விடிந்ததும் கொல்லைப்பக்கம் போனேன். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் வாய்க்கால் வழியாக வாழை மரத்தடிக்குத்தான் போகும். மாமா அங்கே சேற்றில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் டீ வடிகட்டி. சேற்றை அள்ளி வடிகட்டியில் போட்டு, தண்ணீர் விட்டு, தங்குகிற நாரை விரலால் எடுத்து வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தார். எல்லாம் நான் தேய்த்த தேங்காய் நார். அதில் எது ஆயிரம் வருஷத்து நார், எது நேற்றுப் பிய்ந்த நார் என்று யாரால் சொல்ல முடியும்? நான் சத்தம் காட்டாமல் உள்ளே திரும்பி வந்துவிட்டேன். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

அந்த நாரையெல்லாம் பொட்டலம் கட்டிப் பாயிடம் கொண்டுபோனார். பாய் பிரித்துப் பார்த்துவிட்டு, “இது ஒன் வீட்ல சட்டி தேய்க்கிற நாருடா. ஒனக்காக நான் எத்தன பேரு கால்ல விழுந்தேன்? ஊரே சிரிக்குது. இனிமே எங் கடப் பக்கம் வராத” என்று சொல்லிவிட்டார். ஐம்பது வருஷத்துச் சிநேகிதம், கடை வாசலில் அத்துப்போனது. மாமாவுக்கு ஊரில் ‘புளிக்காசு’ என்று பெயர் வந்தது.

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. பாயிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது மாமா சைக்கிளில் வந்து மறித்தார்.

“எங்கத்தா போற?”

“பாய்கிட்டச் சொல்லப்போறேன் மாமா.”

“சொன்னா கயிறு வந்துருமா? ஒம் புருசன் வாய் ஒனக்குத் தெரியும். நாள் முழுக்கக் குத்திக்காட்டியே கொன்னுபுடுவான். நீ இன்னும் இந்த ஊருல அம்பது வருசம் இருக்கணும். எனக்கென்ன, எம்மேல எது ஒட்டுனாலும் கொஞ்ச நாளைக்குத்தான். வீட்டுக்கு நட.”

நடந்தேன். வழியெல்லாம் அழுதேன் என்பது உண்மை. உள்ளுக்குள் அப்பாடா என்று இருந்ததும் உண்மை. அந்த அப்பாடாவை நினைத்தால் என் முகத்தில் நானே துப்பிக்கொள்ளலாம் போல இருக்கிறது. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒன்பது வருஷத்தை ஓட்டினேன். பிள்ளைகள் பிறந்தன, திராட்சையைப் பிடுங்கிவிட்டு வாழை போட்டோம், அத்தைக்குக் கண் ஆபரேஷன் ஆனது. கம்பம் போகும்போதெல்லாம் மாமா ஏலக்காய்க்கடைத் தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டு போவார். காசுகளை மறுபடி மணலில் போட்டு மூடிவிட்டார். “இன்னொரு ஆயிரம் வருசம் கெடக்கட்டும்” என்றார். சீனா, மிளகு, கப்பல் என்று அப்புறம் வாயே திறந்ததில்லை.

போன தை மாதம், காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

பாய் வந்தார். ஒன்பது வருஷத்தில் முதுகு வளைந்திருந்தது. மாமாவின் கால்மாட்டில் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, “கிறுக்கா, ஏன்டா மாப்ள அதப் போயி வெளக்குன? ஏன்டா வெளக்குன?” என்றார்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் விழுந்தேன். “பாய், அவுக இல்ல. நான்தான் வெளக்குனேன். அவுக என்னையக் காப்பாத்தப் பொய் சொன்னாக.”

பாய் குனிந்து என் தலையில் கை வைத்தார். “அழுகாதத்தா. செத்தவன் பேரக் காப்பாத்த நீ ஏத்துக்கிறயாக்கும். மாமனாருக்கு ஏத்த மருமக.”

“இல்ல பாய், சத்தியமா நான்தான். ரெண்டு எலுமிச்சம்பழம் அளவு புளி ஊறவச்சு...”

“ஆமா, மொதக் குச்சி ஒடஞ்சு ரெண்டாவது குச்சியில குத்துனாக,” என்று பக்கத்து வீட்டு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே என் பேச்சை முடித்தார். “எங்ககிட்ட எத்தன தடவ சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருக்காக!” அழுகைக்கு நடுவே ரெண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அத்தை என்னை மார்போடு அணைத்துக்கொண்டு, “எம் பிள்ள, எம் பிள்ள” என்று அழுதார். என் வீட்டுக்காரர், கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்து எழுப்பி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். நான் கத்தக் கத்த அவர்களுக்கு என்மேல் பிரியம்தான் கூடியது. பாய், மாமாவின் காதுப்பக்கம் குனிந்து, “ஒன்னய மன்னிச்சுட்டேன் மாப்ள, போயிட்டு வா” என்றார்.

இப்போது மாதம் ஒருமுறை பாய் வீட்டுக்கு வருகிறார். அத்தையிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, மாமாவின் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்துவிட்டுப் போகிறார். ஒவ்வொரு தடவையும் நான் சொல்லிப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் சரித்தா, சரித்தா என்று தலையை ஆட்டுகிறார். போன வாரம் வந்தபோது அவராகவே பேச்சை எடுத்தார்.

“வெள்ளிக்கெழமதோறும் தொழுகையில அவனுக்காகத்தான்த்தா அல்லாகிட்ட துஆ கேக்குறேன். அந்தக் காரியத்துக்கு அவன மன்னிக்கச் சொல்லி.”

“எனக்கும் சேத்துக் கேளுங்க பாய்,” என்றேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

“ஒனக்கு எதுக்குத்தா? நீ என்ன செஞ்ச?”